ஒரு பூட்டின் விலை

பிரஷர் குக்கரில் வெயிட் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? பயப்படாதீர்கள். மூடியிலுள்ள சேஃப்டி வால்வு உருகி வழிவிடும். அதுவும் கைவிட்டால்?

இதே கேள்விக்கு எண்ணெய், ரசாயன ஆலைகளில் கணக்காகவே பதில் எழுதி வைக்கிறார்கள். ஆபத்து வந்து அழைக்கும்போது காவல் சாதனம் எத்தனை முறைக்கு ஒருமுறை தவறலாம்? சிறிய ஆபத்தென்றால் பத்துக்கு ஒன்று. பெரிதானால் நூறுக்கு ஒன்று. மிகப் பெரிதானால் ஆயிரத்துக்கு ஒன்று. அதற்கு மேல் கூடாது!

எழுதிவிட்டால் போதுமா?

2005 டிசம்பர் 11, ஞாயிறு விடியற்காலை. இங்கிலாந்தில் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கு. தொட்டியில் பெட்ரோல் ஏறிக்கொண்டிருந்தது. மட்டம் காட்டும் கருவி மட்டும் அசையாமல் நின்றுவிட்டது. இப்படி நேர்ந்தால் பெட்ரோலை நிறுத்தவென்றே தனியாக ஒரு ஸ்விட்ச் இருந்தது. அதுவும் வேலை செய்யவில்லை. ஏன் தெரியுமா? அதைச் சோதிக்கும் கைப்பிடியை உரிய நிலையில் நிறுத்தி வைக்க ஒரு சிறு பூட்டு வேண்டும். அதைப் பூட்டவில்லை!

பெட்ரோல் வழிந்தது, ஆவியாகிப் பரவியது, வெடித்தது. 43 பேருக்குக் காயம். விடுமுறை நாளானதால் உயிர்கள் தப்பின.

கணக்கை எழுதுகிறவர் ஒருவர். அதைக் காப்பாற்றுவதோ, நாள் தவறாமல் சோதித்துப் பூட்டுப் போடும் கை.

அது சரி, உங்கள் குக்கரின் சேஃப்டி வால்வைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?