தாய்க்கு ஏன் நித்திரை வருவதில்லை?

கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்து நள்ளிரவு. பதுளைக்கு அப்பால், பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயக் காம்பிராவிலே எல்லோரும் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கின்றனர். 48 வயதுத் தாய் ஒருத்தி மட்டும் திடுக்கிட்டு எழுகிறாள். முகமும் மார்பும் தீப்போற் கொதிக்கின்றன. கழுத்து வியர்வையில் நனைந்திருக்கிறது. கதவைத் திறந்து இஸ்தோப்பிலே வந்து அமர்கிறாள். உடல் குளிர்ந்தபின் உள்ளே சென்று படுத்தாலும் கண் மூடுவதில்லை. சற்றைக்கெல்லாம் அடுப்பு மூட்டும் நேரமும் வந்துவிடுகிறது.

இக்காட்சி நம் வாசகியர் பலருக்குப் புதிதன்று. வீட்டார் கூறும் காரணங்களும் புதியனவல்ல. "காத்துக் கருப்பு பட்டிருக்கும்" என்பார் மாமியார். "நாள் முழுக்க மலையில நின்னு கொழுந்தெடுத்தவளுக்கு நித்திரை வராதா?" என்று ஐயுறுவார் கணவர். இரண்டும் பிழையென்பதை எடுத்துரைப்பதே இவ்வாரம் நம் நோக்கம்.

களைப்பு மட்டுமே நித்திரையைத் தந்துவிடாது. நம் உடலிலுள்ள சில சுரப்பிகள் ஓமோன் எனப்படும் பொருள்களைச் சுரந்து இரத்தத்திலே கலக்கின்றன. அவற்றுள் ஒன்று மெலற்றோனின். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆரன் லேர்னர் என்னும் வைத்தியரும் அவர்தம் குழுவினரும் 1958ஆம் ஆண்டிலே மாட்டின் மூளையிலுள்ள கூம்புச் சுரப்பியிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். இருள் சூழ இது பெருகும். ஒளி பட்டாற் குறையும். கோட்டிசோல் என்னும் மற்றொன்றோ முன்னிரவிலே தணிந்திருந்து, விடியலை நெருங்க நெருங்க உயரும். முற்காலத்திலே தோட்டங்களில் தப்படித்து ஆட்களை எழுப்புவார்களன்றோ? அவ்வேலையை உடலுக்குள்ளே செய்வது கோட்டிசோல் என்று கொள்ளலாம்.

பெண்களின் சூலகங்கள் சுரக்கும் ஈஸ்திரசன், புரொஜெஸ்தரோன் என்னும் இரண்டும் நித்திரையோடு தொடர்புடையனவே. 45 முதல் 55 வயதுக்குள் பெரும்பாலாருக்கு மாதவிடாய் நின்றுபோகிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே இவற்றின் சுரப்பு ஏறியும் இறங்கியும் தடுமாறத் தொடங்கும். ஈஸ்திரசன் குறைகையில், உடற்சூட்டை ஆளும் மூளைப் பகுதி சிறு வெப்பத்தையும் பெருவெப்பமாகக் கருதி வியர்வையைப் பெருக்குகிறது. மனத்தையும் உடலையும் அமைதிப்படுத்தும் தன்மையுள்ள புரொஜெஸ்தரோனும் அப்போது குறைகிறது. நம் தாய் கடுங்குளிரிலே வியர்த்து எழுந்தது இதனாலேயே. இதிலே பேயுமில்லை, பாசாங்குமில்லை.

எனினும், நித்திரையின்மை யாவற்றிற்கும் வயதே காரணமென்று வாளாவிருத்தல் ஆகாது. கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி மிகையாகச் சுரந்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், உடல் மெலியும், நித்திரை கெடும். குறைவாகச் சுரந்தாலோ எந்நேரமும் சோர்வும் குளிரும் வாட்டும். இரத்தப் பரிசோதனை ஒன்றினால் இதனை அறியலாம். தைரொயிட்டுக்கு அயடீன் இன்றியமையாதது. இலங்கையில் 1995 முதல் உப்பிலே அது சேர்க்கப்பட்டு வருகிறது. அவ்வுப்பை ஈரம் படாது மூடி வைத்தல் வேண்டும். இரவிலே பலமுறை சிறுநீர் கழிக்க எழுபவர்கள் நீரிழிவு உண்டோவெனப் பார்த்துக்கொள்ளவும்.

இனி வீட்டிலே செய்யத்தக்கவை. தேநீரிலுள்ள கஃபீன் பாதியளவு குறைவதற்கே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் செல்லும். ஆதலின் மாலை நான்கு மணிக்குப்பின் தேநீர் வேண்டாம். தேயிலை மலையிலே வாழ்வோருக்கு இது கடினமென்பதை அறிவோம்; ஆயினும் முயன்று பார்க்கலாம். ஒரே அறையிலே யாவரும் படுக்கும் வீட்டில் தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் பின்னிரவுவரை ஒளிர்ந்தால், தாயின் மெலற்றோனின் எவ்வாறு பெருகும்? கனத்த கம்பளி ஒன்றுக்குப் பதிலாக மெல்லிய பருத்திப் போர்வைகள் இரண்டு மூன்று இருந்தால், வேண்டியபோது விலக்கிக்கொள்ளலாம். கடையிலே நித்திரை மாத்திரை வாங்கி விழுங்குதல் கூடவே கூடாது.

ஓமோன் மருந்துகளும் உண்டு. ஆனால் மார்புப் புற்றுநோயோ இரத்தக்கட்டியோ முன்னர் ஏற்பட்டவர்களுக்கு அவை பொதுவாக உகந்தவையல்ல; வைத்தியரே ஆராய்ந்து முடிவு செய்தல் வேண்டும். மாதவிடாய் ஓராண்டு நின்றபின் மீண்டும் இரத்தம் கண்டால் ஒருநாளும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்க. 35 வயதடைந்த பெண்களுக்கென 1996இல் தொடங்கப்பட்ட அரசாங்கக் கிளினிக்குகள் உண்டு. அவை நடைபெறும் இடத்தையும் நாளையும் உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் கேட்டறியலாம். ஒருநாட் பேர் போய்விடுமே என்று அஞ்சிப் பல தாய்மார் செல்வதில்லை. அந்த ஒருநாட் சம்பளத்தினும் உடல்நலம் பெரிதென வீட்டாரே எடுத்துக்கூறி அனுப்ப வேண்டும்.

இவை யாவினும் முதன்மையானது ஒன்றுண்டு. வீட்டிலே கடைசியாகப் படுப்பவளும் தாய், முதலில் எழுபவளும் தாய். போதிய நித்திரையின்றேல் பசியைத் தூண்டும் ஓமோன் மிகும். இன்சுலினின் ஆற்றலும் குறையும். கெட்ட நித்திரை ஓமோன்களைக் குலைக்க, குலைந்த ஓமோன்கள் நித்திரையைக் கெடுக்க, இச்சுழலிலே அவள் அகப்படுகிறாள். படுப்பதற்கு நேரமே இல்லாதவளுக்கு எந்த மருந்து அந்நேரத்தை அளிக்கும்?

அதனை அளிக்கக்கூடியவர்கள் வீட்டாரே. இரவிலே பாத்திரங்களை மகன் கழுவட்டும். விடியற்காலை ரொட்டிக்கு மாப்பிசைந்து, சம்பலையும் கணவர் அரைக்கட்டும். அவள் இஸ்தோப்பிலே தனித்து அமர்ந்திருக்கக் கண்டால், "என்ன செய்கிறது?" என்று ஒரு சொல் பரிவாகக் கேட்கட்டும். இதற்குப் பணச்செலவு ஏதுமில்லை. இன்றிரவே தொடங்கலாமன்றோ?