ராஜமுக்திக்கு ஓர் அப்பீல்

மனிதனுக்குக் கோர்ட்டில் அப்பீல் உண்டு. அவன் பாடிய பாட்டுக்கு உண்டா?

எம். கே. தியாகராஜ பாகவதர் விஷயத்தில் இந்தக் கேள்வி என்னை வெகு நாளாகத் தொந்தரவு செய்து வருகிறது. லக்ஷ்மிகாந்தன் கொலை வழக்கில் 1945-ல் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்ஸில் வரையில் போய்த் திரும்பியது. 1947 ஏப்ரலில் சென்னை ஹைக்கோர்ட்டு அவரை விடுதலை செய்தது. மறு வருஷம் "ராஜமுக்தி" டாக்கி வெளியாயிற்று. சொந்தத்தில் எடுத்த படம். கதாநாயகரும் அவரே, பாடகரும் அவரே. ஜனங்கள் போய்ப் பார்த்தார்கள். பழைய பாகவதர் போய்விட்டார் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வீடு திரும்பினார்கள். இந்தத் தீர்ப்பு மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

இந்த வழக்கில் தென்னாற்காட்டுச் சீமைக்கு இரட்டைப் பாத்தியதை உண்டு. முதலாவது, சிதம்பரத்தைச் சேர்ந்தது. மனைவி இட்ட ஓர் ஆணைக்காக இளமை முழுவதும் விலகி வாழ்ந்த தில்லைக் குயவனார் திருநீலகண்டராகப் பாகவதர் 1939-ல் நடித்தார். இரண்டு வருஷம் கழித்து, தில்லையை அடுத்த அண்ணாமலைநகரில் தமிழிசை மகாநாடு கூடியது. கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் செய்தார்கள். தமிழில் பாடினால் ஸங்கீதம் கெட்டுவிடுமா என்று பெரிய மனிதர்கள் பத்திரிகைகளில் தர்க்கம் செய்துகொண்டிருந்தார்கள். அதையெல்லாம் அறியாத வண்டிக்காரன், பாபநாசம் சிவனின் ஸாஹித்யத்தைப் பாகவதர் பாடிக் கேட்டபடியே பாடிக்கொண்டு மாட்டை ஓட்டினான்! மகாநாடு தீர்மானம் செய்ததை பிளேட்டு முன்னதாகவே நடத்திக்கொண்டிருந்தது.

இரண்டாவது பாத்தியதை கடலூரைச் சேர்ந்தது, அது துக்ககரமானது. திருப்பாதிரிப்புலியூரில் 1906-ல் பிறந்தவர் சொ. விருத்தாசலம் என்ற புதுமைப்பித்தன். "ராஜமுக்தி"க்கு வசனம் எழுதுவதற்காகப் புனாவுக்குப் போனவர், க்ஷயரோகத்துடன் திரும்பினார். 1948 ஜூன் 30-ந் தேதி திருவனந்தபுரத்தில் காலமானார். வயது 42. படம் அதற்குப் பிறகே வெளிவந்தது.

எதிர்க்கட்சி வாதத்தை நானே சொல்லிவிடுகிறேன். 1944-ல் வந்த "ஹரிதாஸ்" சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்ட படம். அதைப் பார்த்தவர்கள் அதே மனிதரையும் அதே மோகனப் புன்னகையையும் தேடிக்கொண்டு வந்தார்கள். இடையில் கிட்டத்தட்ட முப்பது மாதச் சிறைவாசம் குறுக்கிட்டது என்பது தியேட்டர் இருட்டில் யாருக்கு நினைவிருக்கும்? போதாக்குறைக்கு அதே 1948 ஏப்ரலில் ஜெமினியின் "சந்திரலேகா" வந்து, பிரம்மாண்டமான முரசுகளின் மேல் பெண்களை ஆடவைத்துவிட்டது. முரசைக் கேட்ட காதுக்கு, அரசன் ஒருவன் பகவானை நினைத்து உருகுவது மிகவும் மெதுவாகத்தான் பட்டிருக்கும். படம் மெதுவானது என்பதை நானும் ஒப்புக்கொள்ளுகிறேன். எல்லாப் பாட்டும் ஒரே தரம் என்றும் வாதாடவில்லை.

ஆனால் சாரீரம் போய்விட்டது என்றார்களே, அதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. படத்தை மறந்துவிட்டு, "மானிட ஜன்மம்" என்று தொடங்கும் பாட்டையும், "உனையல்லால்" என்று பாண்டுரங்கனை அழைக்கும் பாட்டையும் மட்டும் கேளுங்கள். பிளேட்டும் ஊசியும் தேட வேண்டிய சிரமம் இப்போது இல்லை, கைபேசியிலேயே கிடைக்கின்றன. சுருதி இறங்கவில்லை. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது பழைய சௌகரியம் இருக்கிறது. வார்த்தை ஒவ்வொன்றும் முத்துப் போல் தனித்தனியே விழுகிறது. மாறியிருப்பது வேறொன்று. முன்பெல்லாம் ஒரு பிருகாவை உதிர்த்துவிட்டு, "எப்படி?" என்று நம்மைப் பார்ப்பது போல் ஒரு கணம் நிற்பார். இந்தப் பாட்டுகளில் அப்படி நிற்கவில்லை. நம்மைப் பார்க்கவே இல்லை.

இது சிறைவாசத்தின் பலன் என்று சொல்லிவிடலாம். பாட்டைக் கேட்கும்போது பாடினவரின் ஜாதகத்தைப் புரட்டுவது நியாயமா என்று எனக்கும் சந்தேகம் உண்டு. ஆகையால் ஒன்றும் நினைக்கக் கூடாது என்ற தீர்மானத்துடன் ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். மூன்றாவது வரியில் தீர்மானம் போய்விட்டது.

ஜனங்கள் கவனிக்காத இன்னொன்றும் அந்தப் படத்தில் இருந்தது. ஸி. ஆர். சுப்பராமன் சங்கீதத்தில், ஓர் இளம் பெண் திரைக்குப் பின்னால் நின்று பாடினாள். ஜி. என். பாலசுப்பிரமணியத்தின் சிஷ்யை, எம். எல். வஸந்தகுமாரி. நடிப்பவரே பாட வேண்டும் என்றிருந்த காலத்தின் பெரிய பாடகரும், ஒருவர் பாட மற்றொருவர் வாயசைக்கும் புதிய காலத்தின் குரலும் ஒரே படத்தில்! பாகவதருடைய பாட்டைக் கேட்ட கையோடு அந்தப் பெண்ணின் பாட்டையும் கேட்டால், ரஸிகர்கள் எதற்காகப் பாகவதரைக் கைவிட்டார்கள் என்பது ஒருவாறு விளங்கும். குரல் மட்டமானதால் அல்ல; காது வேறு பக்கம் திரும்பிவிட்டது.

பாட்டு மட்டுக்கும் என் வாதம் இவ்வளவுதான். அந்தப் படத்தின் வசனத்துக்காக வாதாடக் கடலூர்க்காரர் யாராவது வக்கீலாக வந்தால் மிகவும் சந்தோஷப்படுவேன்.