மடம் கட்டிய ஊரில் குடியிருக்க ஒரு வீடு

ஆடி அமாவாசைக்கு முதல்நாள் பின்னேரமே யாழ்ப்பாணத்துக் கீரிமலையில் வீதியோரம் காத்தோட்டிக்காய் வந்துவிடும். தகப்பனை இழந்தவர்கள் விரதச் சமையலுக்குத் தேடி வாங்கும் காய் அது. அந்த நாள் கழிந்தால் கேட்க ஆளில்லை. மறுநாள் விடியமுன் தீர்த்தக் கேணியடி நிரம்பும். மாவிட்டபுரம் கந்தசுவாமியார் தீர்த்தமாட எழுந்தருளுவார். எள்ளு, தர்ப்பை, வாழையிலை, கச்சான், புழுக்கொடியல், பனங்கட்டிக் குட்டான், சர்பத், பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் என்று வைத்ததெல்லாம் விலைப்படும். சித்திரையில் தாயாருக்கான பௌர்ணமி, மாசியில் நகுலேஸ்வரத்துச் சிவராத்திரி, ஆடி ஆவணியில் வெளிநாட்டுச் சொந்தங்கள், பள்ளிக்கூட விடுமுறையில் தெற்கிலிருந்து வரும் பஸ்கள். இடையிடையே முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வரும் குடும்பங்கள். கேணியடி வியாபாரிகளின் ஆண்டு வருமானம் இவ்வளவுதான். ஐப்பசி பிறந்து மழை கட்டினால் வீதி வெறிச்சோடிவிடும். வாடைக்காற்று எழும்பிய பிறகு கடலும் விடாது.

முன்பு இப்படி இருக்கவில்லை. 1950இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை எங்கள் பகுதிக்கு மாதச் சம்பளம் தந்தது. மயிலிட்டியில் மீன்பிடி, செம்மண்ணில் தோட்டம், துறைமுகத்தில் வேலை என்று வீட்டுக்கு வீடு நிலையான உழைப்பு இருந்தது. திருவிழாக் கடை அதற்கு மேலே கிடைக்கிற காசு. 1990இல் போரால் நாங்கள் இடம்பெயர்ந்தபோது தொழிற்சாலையும் நின்றது, இன்றுவரை அதன் புகைபோக்கியில் புகை இல்லை. திரும்பி வந்தவர்களில் பலருக்குத் திருவிழாக் கடையே பிழைப்பாகிவிட்டது. இந்த மாற்றத்தைக் கணக்கில் எடுத்து எங்களுக்கு உதவித் திட்டம் போட்டவர்களை நான் காணவில்லை. கூட்டுறவுத் துறையில் வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான், ஊருக்கு வந்த திட்டங்களின் படிவங்களை நிரப்பிக் கொடுத்தவன். அந்த உரிமையோடு இதை எழுதுகிறேன்.

கேணியடிக்குப் போகும் வழியில் பனைப்பொருள் விற்கும் தங்கச்சி ஒருவர் இருக்கிறார். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். ஒடியல், நீத்துப்பெட்டி, கடகம் எல்லாம் தானே செய்தும் அயலில் வாங்கியும் விற்கிறார். சித்திரையிலும் ஆடியிலும் நன்றாக உழைப்பார். பங்குனியில் முதல் போடக் காசு வேண்டும். பனங்கிழங்கு கிண்டிக் காயவிடுகிற காலத்திலேயே வாங்கி வைத்தால்தான் ஒடியல் கட்டுப்படியாகும். அதற்காக நுண்கடன் எடுத்தார். "காசு வாறது வருசத்தில நாலு தரம், அண்ணை. கடன்காரர் வாறது கிழமைக்குக் கிழமை" என்று என்னிடம் சொன்னார். கார்த்திகை மழையில் ஒரு பெட்டியும் விற்காத கிழமையிலும் கட்டுக்காசு கட்ட வேண்டும். அதைக் கட்ட இன்னொரு இடத்தில் கடன், அதற்குத் தோடு அடகு. ஆடியில் நல்ல வியாபாரம் நடந்தும் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

இது ஒரு பெண்ணின் கதை மட்டும் இல்லை. வடக்கு கிழக்கெங்கும் பெண்கள் வீதிக்கு வந்து போராடிய பிறகுதான் 2018இல் அரசாங்கம் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது. வட்டிக்கு 35 வீத உச்சவரம்பும் வந்தது. முப்பத்தைந்து வீதம் வரம்பாக வைக்கப்பட்டதென்றால் அதற்கு முன் வாங்கிய வட்டியை நினைத்துப் பாருங்கள். ஆனால் தள்ளுபடியும் வரம்பும் தவணையைத் தொடவில்லை. வட்டியைக் குறைத்துவிட்டுக் கிழமைத் தவணையை அப்படியே வைத்திருந்தால் பருவத் தொழில் செய்பவருக்கு அது பாதி உதவிதான். ஆடி முடிந்து ஒரு பங்கு, சிவராத்திரி முடிந்து ஒரு பங்கு, சித்திரைக்குப் பிறகு மிச்சம் என்று கட்டச் சொன்னால் அந்தத் தங்கச்சி ஒரு சதம் பிந்தமாட்டார். வெங்காயச் செய்கைக்கு விளைந்த பிறகு கட்டு என்று கடன் கொடுத்த சங்கங்கள் எங்கள் குடாநாட்டில் இருந்திருக்கின்றன. கேணியடிக் கடைக்கும் விளைச்சல் காலம் உண்டு என்பதை ஏற்றுக்கொள்வதில் என்ன கஷ்டம்?

அடுத்தது வீடு. இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டுத் திட்டம் என்றால் எல்லாம் முடிந்துவிட்டது என்று கொழும்பிலும் ரொறன்ரோவிலும் நினைக்கிறார்கள்.

1990 ஜூனில் வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் நகுலேஸ்வரம் விமானக் குண்டுவீச்சில் இடிந்தது. போர் முடிந்து 2012இல் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. சனங்கள் வந்தது துண்டு துண்டாக. 2013இல் இராணுவத்துக்கென்று வலி. வடக்கில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதாக அறிவித்தல் ஒட்டினார்கள். காணிக்காரர் நீதிமன்றம் போனார்கள், வீதியில் இருந்து போராடினார்கள். 2015க்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள், இன்னும் முழுவதும் விடவில்லை. இதற்கிடையில் கீரிமலைப் பக்கத்தில் ஒரு ஜனாதிபதி மாளிகை எழும்பியது. காங்கேசன்துறைக் கடற்கரையில் இராணுவம் நடத்தும் தல்செவன விடுதி வந்தது. கடல் பார்க்க வருகிறவரின் காசில் ஒரு பகுதி இன்றும் அங்கேதான் போகிறது.

இந்திய வீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கொடுத்தது. வீட்டுக்காரரே நின்று, தனக்குத் தெரிந்த மேசனைப் பிடித்துக் கட்டினார். அந்த முறையை நான் மதிக்கிறேன். பிறகு அரசாங்கம் 65,000 இரும்புப் பொருத்து வீடுகளை ஒன்று ஏறக்குறைய 21 இலட்சம் ரூபாவுக்குக் கொண்டுவர முயன்றபோது, கல்வீட்டை எங்கள் சனமே இதைவிடக் குறைந்த செலவில் கட்டும் என்று எங்களால் துணிந்து சொல்ல முடிந்தது இந்த அனுபவத்தால்தான். ஆனால் உதவி கிடைக்கக் காணி வேண்டும், காணிக்கு உறுதி வேண்டும். 1990இல் ஓர் உறுதியோடு போன குடும்பம், மல்லாகத்திலும் கோணாப்புலத்திலும் முகாம்களில் பிள்ளைகள் வளர்ந்து கலியாணம் கட்டி, மூன்று நாலு குடும்பமாகத் திரும்பி வந்தது. அம்மம்மாவின் பெயரில் இருந்த இரண்டு பரப்பில் நாலு அடுப்பு. உதவி ஒரு வீட்டுக்கு. மற்றவர் காணியில் குடியிருந்து கூலி வேலை செய்தவர்களுக்குத் திரும்பி வருவதற்கு ஒரு வேலிகூட இருக்கவில்லை.

அவர்களைப் போன்றவர்களுக்காகத்தான் கீரிமலையில் நல்லிணக்கபுரம் கட்டப்பட்டது. 2016 ஒக்டோபரில் அன்றைய ஜனாதிபதியே வந்து 100 வீடுகளைக் கையளித்தார். வந்தவர்களில் மயிலிட்டிக் கடலை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் இருந்தன. மயிலிட்டித் துறைமுகம் விடுபட்டது அடுத்த ஆண்டு ஜூலையில். வீட்டுச் சாவி ஒரு விழாவில், தொழில் இன்னொரு விழாவில். இடைப்பட்ட மாதங்களில் அந்தக் குடும்பங்கள் என்ன சாப்பிட்டன என்று எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் இருந்ததில்லை.

இப்போது புதுச் சிக்கல் ஒன்று. 2023 ஒக்டோபரில் நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் ஓடத் தொடங்கியது, இடையில் நின்று 2024இல் மீண்டும் வந்தது. பலாலியில் 2019 முதல் சர்வதேச விமான நிலையம் இருக்கிறது. நல்ல விசயம்தான், வரவேற்கிறேன். ஆனால் கடலோரக் காணியை விசாரிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். பரப்பு என்ன விலை என்று கேட்பவர் குடியிருக்க வருபவர் இல்லை. வாடகைக்கு விட்ட அறையை ஆடி ஆவணியில் வருகிறவருக்கு நாள் கணக்கில் விட்டால் ஒரு மாத வாடகை மூன்று நாளில் வந்துவிடும். கச்சான் வறுக்கிறவரும் ஓட்டோ ஓடுகிறவரும் தெல்லிப்பழைக்குப் போய் அறை தேட வேண்டும். திருவிழாவுக்குக் கடை போடும் இடங்களும் கேள்விக்கு விடப்படும்போது வெளியூர் முதலாளி கூட்டிக் கேட்டு எடுத்துப்போகிறார். ஊர்ச் சனம் அவரிடம் திரும்ப வாடகைக்கு வாங்குகிறது.

இது உலகத்தில் எங்களுக்கு மட்டும் வந்த நோய் இல்லை. அமெரிக்காவின் மார்த்தாஸ் வைன்யார்ட் தீவில் கோடை வந்தால் பணக்காரர் குவிவார்கள். குளிர்காலம் முழுக்க வாடகைக்கு இருந்த தச்சனும் ஆசிரியையும் கோடை பிறக்க வீட்டை விட்டு எழும்ப வேண்டும். அங்கே தொண்டு அமைப்புகள் சேர்ந்து ஒரு வழி கண்டன. காணியை ஒரு பொது அறக்கட்டளை வைத்துக்கொள்ளும். மேலே இருக்கும் வீடு குடும்பத்துக்குச் சொந்தம், பிள்ளைகளுக்கும் போகும். விற்பதென்றால் அறக்கட்டளை வகுத்த விலைக்கு, அங்கேயே வாழ்ந்து உழைக்கிற இன்னொருவருக்கு. காணி சந்தைக்குப் போகாதபடியால் வீடும் கைக்கு எட்டாத விலைக்குப் போகாது.

இந்த முறை அமெரிக்காவில் முதலில் வேர்விட்டது 1969இல், ஜோர்ஜியா மாநிலத்தில், கறுப்பின விவசாயிகளுக்காகத் தொடங்கப்பட்ட நியூ கொம்யூனிற்றிஸ் என்ற அமைப்பில். அதைத் தொடங்க உழைத்தவர்களுக்கு முன்மாதிரிகளில் ஒன்று, ஊர்க் காணியை ஊருக்கே பொதுவாக்கும் இந்தியாவின் வினோபா பாவேயின் கிராமதானம். அந்தச் சிந்தனையில் வளர்ந்தவர்கள்தான் தமிழ்நாட்டுத் தம்பதி கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும். விவசாயக் கூலிக் குடும்பங்கள் எரிக்கப்பட்ட கீழ்வெண்மணிக் கொடுமைக்குப் பிறகு நாகபட்டினப் பக்கம் போய்ப் பணியாற்றி, 1981இல் லாப்டி என்ற அமைப்பைத் தொடங்கிக் காணியில்லாப் பெண்களின் பெயரில் நிலத்தை வாங்கிக் கொடுத்தார்கள். வீடு கட்டவும் உதவினார்கள். நாகபட்டினத்தில் ஏறினால் காங்கேசன்துறையில் இறங்கலாம். அமெரிக்கா சுற்றி வந்த யோசனை கப்பல் தூரத்தில் இருக்கிறது.

எங்கள் சட்டமும் இதற்கு அந்நியமில்லை. தேசவழமையில் பங்காளியும் உரித்தாளியும் முதலில் வாங்கும் உரிமை உடையவர்கள். 1947இல் அதற்கென்றே தனிச் சட்டம் இயற்றினார்கள். காணி யார் கைக்குப் போகிறது என்பதில் விற்பவரோடு சேர்ந்து மற்றவர்களுக்கும் பங்குண்டு என்று நினைத்த சனம் நாங்கள். மடத்துக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் தரும சாதனம் எழுதியவர்களும் நாங்களே. சிறாப்பர் மடம் போன்ற கீரிமலை மடங்கள், தூர இடத்திலிருந்து வந்தவர் கிரியை முடித்துத் தங்கிப் போகக் கட்டப்பட்டவை. காணியைத் தனியார் கையிலிருந்து எடுத்து அறத்தின் பெயரில் எழுதி வைக்கும் வழக்கம் இந்தக் கடற்கரைக்குப் பழையது. வந்து போகிறவருக்காக அதைச் செய்த ஊர், வந்தவருக்கு இலை போட்டு எள்ளு விற்கிறவருக்காகவும் செய்ய வேண்டும் என்பதே என் வாதம்.

இப்படியொரு அறக்கட்டளையைக் கூட்டுறவால் நடத்த முடியாது என்று சொல்பவர்கள் மூளாய் வைத்தியசாலையைப் போய்ப் பார்க்கட்டும். 1930களில் ஊர்ச் சனம் பங்கு சேர்த்து எழுப்பியது. யாழ் நகரின் வீரசிங்கம் மண்டபம் ஒரு கூட்டுறவாளரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆஸ்பத்திரி கட்டிய இயக்கத்துக்குப் பத்து வீடு பெரிய சுமை இல்லை.

வெளிநாட்டிலுள்ள ஊர்ச் சங்கங்களிடமும் ஒன்று கேட்கிறேன். கோபுரத்துக்குக் கொடுங்கள், நான் தடுக்கவில்லை, இடிந்த கோயில் எழும்பிய நாளில் நானும் அழுதேன். ஆனால் ஒருவருக்கு ஒரு தையல் மெசின், இன்னொருவருக்கு இரண்டு ஆடு, படமெடுத்து அனுப்புவது என்று வருகிற உதவி ஒரு மழைக்காலத்தைத் தாண்டுவதில்லை. பூட்டிக் கிடக்கும் உங்கள் தாய்வழிக் காணிகளில் ஒரு துண்டைத் தரும சாதனமாக எழுதுங்கள். உரிமை அறக்கட்டளைக்கு, குடியிருப்பு காணியில்லாத குடும்பத்துக்கு. விற்க முடியாது, ஈடு வைக்க முடியாது என்று உறுதியிலேயே எழுதலாம். பணம் கொடுப்பவர்கள் சுழல் நிதியாகக் கொடுங்கள், பருவத் தவணையில் திரும்பி வந்து அடுத்தவருக்குப் போகட்டும்.

கேணியடிக் கடையிடங்களில் பாதியையாவது ஏலத்தில் விடாமல், ஊரில் நிரந்தரமாகக் குடியிருக்கும் சிறு வியாபாரிகளுக்கு நியாய வாடகையில் ஒதுக்க வேண்டும். அதற்குப் பிரதேச சபையின் ஒரு தீர்மானமும் கோயில்காரரின் சம்மதமும் வேண்டும். அறக்கட்டளைச் சபையில் கோயில் தரப்பு ஒருவர், கடற்றொழிலாளர் சங்கத்தில் ஒருவர், சிக்கன கடனுதவுச் சங்கத்தில் ஒருவர் இருக்கலாம். மீதி இடங்கள் வீட்டிலும் கடையிலும் இருக்கப்போகும் பெண்களுக்கு. கணக்கு ஆண்டுக்கு ஒருமுறை, ஆடி அமாவாசை முடிந்த கிழமை, கோயில் மண்டபத்தில் எல்லோர் முன்னும் வாசிக்கப்பட வேண்டும். வெளிநாட்டுச் சொந்தங்களும் அந்தக் கிழமை ஊரில்தான் நிற்பார்கள்.

கூட்டம் கூட்ட நான் தயார். பழைய சங்கத்துத் தோழர்கள் சிலர் யாப்பு எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முதல் காணித்துண்டுக்கு உறுதி எழுத ஒருவர் முன்வர வேண்டும்.