சிறுவிடையிடம் கேட்க வேண்டிய கணக்கு

சிறுவிடை என்னும் நாட்டுக்கோழி ஆண்டுக்கு அறுபது, எழுபது முட்டைதான் இடுகிறது, 300 முட்டை இடும் வெள்ளை லெகார்ன் இருக்கும்போது அதை ஏன் காப்பாற்ற வேண்டும் என்று கேட்கிறார்கள். எண்களில் பிழையில்லை. ஒப்பிடும் முறைதான் தவறு.

பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் சிறுவிடை கேறத் தொடங்கிவிடும். அடையில் 21 நாள். பிறகு குஞ்சுகளோடு வாரக்கணக்கில் திரியும். அத்தனை நாளும் முட்டை கிடையாது. இதைச் சோம்பல் என்பது அநியாயம். லெகார்னிடமிருந்து அடைகாக்கும் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிவுசெய்து நீக்கியிருக்கிறார்கள். லெகார்ன் இட்டுக்கொண்டே இருப்பதற்கு இந்த நீக்கமும் ஒரு காரணம். அதன் குஞ்சுக்கு இன்குபேட்டர், மின்சாரம், வெப்ப விளக்கு, மூட்டைத் தீவனம் எல்லாம் வேண்டும். சிறுவிடையோ கரையானையும் சிந்திய தானியத்தையும் கிளறித் தின்று, தானே பொரித்து, பருந்தைக் கண்டால் குஞ்சுகளை இறக்கைக்குள் அழைத்துக்கொள்கிறது. இந்த உழைப்புக்கு உங்கள் கணக்கில் ஒரு வரிகூட இல்லையே!

முட்டைதான் வேண்டுமென்றால் குஞ்சுகளைச் சீக்கிரம் பிரித்துவிடலாம். தாய் விரைவில் மறுபடி இடத் தொடங்கும். நாமக்கல் முட்டைப் பண்ணைகளுக்கு லெகார்ன் வழிக் கோழிகளே பொருத்தம், அதில் எனக்குச் சண்டையில்லை. நாலு கோழி வைத்திருக்கும் பெண்ணின் புறக்கடைக்கும் அதையே சிபாரிசு செய்வதைத்தான் எதிர்க்கிறேன். வேற்றினச் சேவல்கள் தெருவில் பெருகினால் சிறுவிடையின் குணங்கள் கலப்பில் கரைந்துபோகும். கலப்பில்லாத சிறுவிடையை இப்போதே தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஊருக்கு ஊர் தரமான சிறுவிடைச் சேவல்களைக் கொடுக்கச் சொல்லி அரசுக்கு எழுதுங்கள். முட்டையைப் பிறகு எண்ணலாம்.