அடிமைக் கப்பல் கிளம்பியது நம்ம கரையிலிருந்து: வடசென்னை பிள்ளைகளுக்கு கறுப்பர் வரலாறு ஏன் தெரியணும்?

அமெரிக்காவில் பிப்ரவரி வந்தால் பள்ளிகளில் கறுப்பர் வரலாறு பேசப்படும். 1926-ல் கார்ட்டர் வுட்சன் என்ற வரலாற்று அறிஞர் ஒரு வார நிகழ்வாகத் தொடங்கியது, 1976-லிருந்து முழு மாதமானது. அதைப் பார்த்துத்தான் 2015 முதல் இந்தியாவில் ஏப்ரல் மாதத்தை தலித் வரலாற்று மாதமாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

சரி, ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் படிக்கிற பிள்ளைக்கு அமெரிக்கக் கதை எதுக்கு? நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கதையில் ஒரு பகுதி நடந்ததே இந்தக் கரையில்தான்.

கறுப்பர் நகரம்னா எது?

இன்றைய ஜார்ஜ் டவுனுக்கு ஆங்கிலேயர் வைத்த பழைய பெயர் 'பிளாக் டவுன்'. கோட்டைக்குள் வெள்ளையர் நகரம், கோட்டைக்கு வெளியே வடக்கே கறுப்பர் நகரம். உயர் நீதிமன்றம் இருக்கும் பகுதியில்தான் முதல் கறுப்பர் நகரம் இருந்தது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில், பாதுகாப்பைக் காரணம் காட்டி வீடுகள் இடிக்கப்பட்டு, ஜனங்கள் முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டை பக்கம் தள்ளப்பட்டார்கள். ஜார்ஜ் டவுன் என்ற பெயர் வந்தது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதாவது, தோலின் நிறத்தை வைத்து ஊரைப் பிரிப்பது இந்த நகரத்துக்குப் புதுசு இல்லை.

யேல் பல்கலைக்கழகத்துக்கும் சென்னைக்கும் என்ன சம்பந்தம்?

அமெரிக்காவின் புகழ்பெற்ற யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த எலிஹு யேல், 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். அப்போது இங்கே கடும் பஞ்சம். சோத்துக்கு வழியில்லாதவர்கள் மலிவு விலைக்கு விற்கப்பட்டார்கள், குழந்தைகளைக் கடத்தி விற்பதும் நடந்தது. ஐரோப்பா செல்லும் ஒவ்வொரு கப்பலும் குறைந்தது 10 அடிமைகளையாவது செயின்ட் ஹெலினா தீவுக்கு ஏற்றிச் செல்ல வேண்டும் என்று விதி இருந்தது. ஆளுக்கு ஒரு வராகன் சுங்கம். 1687-ல் ஒரே மாதத்தில் மட்டும் குறைந்தது 665 பேர் இந்தக் கரையிலிருந்து அனுப்பப்பட்டதாக, பழைய ஆவணங்களை வைத்து வரலாற்று ஆய்வாளர் ஜோசப் யானியெல்லி எழுதியிருக்கிறார். முகலாய அதிகாரிகளின் அழுத்தத்தால் 1688-ல் இந்த ஏற்றுமதிக்குத் தடை வந்தது.

கம்பெனி வேலையில் சேர்த்த பணத்தோடு ஊர் திரும்பிய யேல், 1718-ல் கனெக்டிகட்டில் ஒரு சின்னக் கல்லூரிக்கு துணி மூட்டைகளும் புத்தகங்களும் நன்கொடை கொடுத்தார். அதற்கு நன்றியாகத்தான் கல்லூரிக்கு அவர் பெயர். அடிமை முறையோடு தனக்கு இருந்த தொடர்புகளுக்காக 2024 பிப்ரவரியில் அந்தப் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. சென்னையில் யேலின் மகன் கல்லறை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. அதை இடம் மாற்றுவது பற்றி வழக்கே நடந்தது. கப்பலேறிய அந்த 665 பேர் யார், என்ன பேர் என்று யாருக்கும் தெரியாது.

அடிமை முறை ஒழிந்த பிறகும் கப்பல் நிற்கவில்லை. பேர் மட்டும் மாறியது, ஒப்பந்தக் கூலி. 1860 அக்டோபரில் மெட்ராஸிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல், 342 பேரோடு நவம்பர் 16-ல் டர்பன் சேர்ந்தது. தென்னாப்பிரிக்கத் தமிழர் வரலாறு தொடங்குவது அந்தக் கப்பலில்தான்.

வெள்ளைக்காரன் மட்டும்தான் குற்றவாளியா?

இங்கேதான் பாடம் சொல்பவர்கள் தடுமாறுவாங்க. கறுப்பர் நகரத்தில் வசதியான வணிகர்களும் இருந்தார்கள். வலங்கை, இடங்கை சாதிச் சண்டையில் தெருக்களே தனித்தனியாகப் பிரிந்தன. சேரி அதற்கும் வெளியே ஒதுக்கப்பட்டது. வெள்ளைக்காரன் ஒரு கோடு போட்டான். அதற்குள்ளே நாம் இன்னொரு கோடு போட்டோம். முதல் கோட்டை மட்டும் சொல்லி, இரண்டாவதை விட்டுவிட்டால் அது பாதி வரலாறுதான்.

அந்த இரண்டாவது கோடு பள்ளிக்கூடத்துக்குள்ளேயே இருப்பதை 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரி காட்டியது. பட்டியலின மாணவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியது கூடப் படித்த மாணவர்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு, 2024 ஜூனில் முதல்வரிடம் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் கூடாது, கையில் கலர் கயிறு கூடாது என்பவைதான் தலைப்புச் செய்தி ஆயின. பாடத்திட்டத்தில் சமூகநீதி இடம்பெற வேண்டும் என்று அது சொன்னது பெரிதாகப் பேசப்படவில்லை. கயிற்றை ஒரே நாளில் அவிழ்த்துவிடலாம், அதைக் கட்டிய எண்ணத்தை மாற்ற பாடம்தான் வேணும்.

பிள்ளைகள் மனசு புண்படாதா?

எல்லா ஊரிலும் இதே பயம்தான். ஃபுளோரிடா மாகாணம் 2023-ல் ஆப்பிரிக்க அமெரிக்கர் பற்றிய உயர்நிலைப் பள்ளிப் பாடம் ஒன்றையே ஏற்க மறுத்தது. அடிமைகள் கற்ற சில தொழில்கள் அவர்களுக்கே பயன்பட்டன என்றும் அதே ஆண்டு பாடக்குறிப்பில் சேர்த்தது. இங்கேயும் நடந்திருக்கு. தோள்சீலைப் போராட்டம் பற்றிய பகுதியைத் தேர்விலிருந்து நீக்க சிபிஎஸ்இ 2016-ல் சுற்றறிக்கை விட்டது. 2019-ல் அந்தப் பாடமே 9-ஆம் வகுப்பு என்சிஇஆர்டி புத்தகத்திலிருந்து போனது.

ஆனால் கதை சொல்லும் விதம் ஒன்று இருக்கு. வடசென்னையில் பாக்ஸிங் பழகும் பையனுக்கு முகமது அலியைத் தெரியும். 1980 ஜனவரியில் அலி சென்னை நேரு ஸ்டேடியத்துக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியதை இன்னும் பேசுவாங்க. 1967-ல் வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் அவருடைய பட்டத்தையே பறித்தார்கள், 1971-ல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அழுகைக் கதையை மட்டும் சொன்னால் பிள்ளை தலை குனியும். எதிர்த்து நின்ற கதையையும் சேர்த்துச் சொல்லணும்.

எண்ணூருக்கு இதில் என்ன வேலை?

1982-ல் வடக்கு கரோலினாவின் வாரன் கவுண்டியில், கறுப்பின மக்கள் அதிகம் வாழும் ஏழைப் பகுதியில், பிசிபி நச்சு கலந்த மண்ணைக் கொட்ட அரசு இடம் எடுத்தது. ஜனங்கள் லாரிகளுக்கு முன்னால் ரோட்டில் படுத்தார்கள். 500-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். லாரிகள் நிற்கவில்லை, மண் கொட்டப்பட்டது. ஆனால் நச்சுக் கழிவு எப்போதும் யார் வீட்டுப் பக்கம் போகிறது என்று அமெரிக்கா கணக்குப் பார்க்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

2023 டிசம்பர் எண்ணூருக்கு மறக்காது. புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்து வலையும் படகும் கறுத்தன. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு, உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அனல் மின் நிலையச் சாம்பல் இங்கே, நகரத்துக் குப்பை கொடுங்கையூரில். அந்த இரவில் ஓடிய பிள்ளைகள் இப்போது உயர்நிலைப் பள்ளி வகுப்புகளில் இருப்பார்கள். "ஏன் எப்பவும் நம்ம பக்கத்துலயே?" என்று அவர்களில் ஒருவர் வகுப்பில் எழுந்து கேட்டால், டீச்சருக்குக் கையில் எடுக்க வாரன் கவுண்டி இருக்கிறது, பக்கத்திலேயே கறுப்பர் நகரமும் இருக்கிறது.