கீரை ஆய யாருக்கு நேரமிருக்கிறது?

உழவர் சந்தைக்குக் காலை ஏழு மணிக்குள் போனால்தான் நல்ல கீரை கிடைக்கும். ஈரச் சாக்கின் மேல் அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை. வேரில் ஒட்டிய மண்கூட உதிர்ந்திருக்காது. விளைவித்தவரே இடைத்தரகர் இல்லாமல் விற்கட்டும் என்று 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய ஏற்பாடு இது. ஒரு டீயும் வடையும் வாங்கும் காசில் ஒரு கட்டுக் கீரை வந்துவிடும்.

வாங்கிய கட்டு என்ன ஆகிறது? பல வீடுகளில் ஃபிரிட்ஜில் மூன்று நாள் கிடந்து, மஞ்சளாகி, குப்பைக்குப் போகிறது. இரவு எட்டு மணிக்குப் பிள்ளைகளின் தட்டில் இருப்பது பாக்கெட் நூடுல்ஸ்.

அதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள் 2019-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்நாட்டின் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த கெவின் ஹால் குழுவினர் 20 பேரை நான்கு வாரம் தங்கள் மையத்திலேயே தங்க வைத்தார்கள். இரண்டு வாரம் ஆலையில் தயாராகும் பாக்கெட் உணவு. இரண்டு வாரம் காய், பழம், தானியம், இறைச்சி என்று புதிதாகச் சமைத்தது. பரிமாறிய உணவில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்பதுதான் நிபந்தனை.

பாக்கெட் உணவு கொடுத்த நாட்களில் ஒவ்வொருவரும் நாளொன்றுக்குச் சராசரியாக 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். ஏழெட்டு இட்லிக்குச் சமமான அளவு அது. எடை சராசரியாக 0.9 கிலோ ஏறியது. புதிதாகச் சமைத்ததைச் சாப்பிட்டபோது அதே அளவு இறங்கியது. ஆட்கள் அதே ஆட்கள்தான்; மாறியது உணவு மட்டுமே. குண்டாக இருக்கும் பிள்ளையைப் பார்த்து ‘வாயைக் கட்டு’ என்று அதட்டும் பெரியவர்கள், முதலில் அலமாரியில் என்ன வாங்கி அடுக்கியிருக்கிறோம் என்று பார்ப்பது நியாயம்.

பதப்படுத்திய எல்லாமே கெடுதல் என்று இதற்குப் பொருள் இல்லை. இட்லி மாவு புளிக்க வைத்ததுதான். தயிர், வற்றல், கருவாடு எல்லாம் பதப்படுத்தியவையே. பாக்கெட்டின் பின்னால் 330 என்று போட்டிருப்பதும் எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலம்தான். எண்ணைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. வீட்டு அடுப்படியில் இல்லாத பொருட்களால் ஆலையில் கட்டி எழுப்பியதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் அத்தகைய உணவைக் குறைக்கச் சொல்கிறது. நாளொன்றுக்குக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம் என்று அளவும் தருகிறது.

400 கிராம் காயை நறுக்குவது யார்?

உண்மையான சிக்கல் இங்கேதான். கீரைக்கு விலை குறைவு. அதை ஆய்ந்து, மண் போக மூன்று தண்ணீர் அலசி, கடைந்து இறக்கும் நேரம்தான் அதிகம். 2019-ல் நாடு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஒரு நாளில் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்தவர்கள் பெண்களில் 81 சதவீதம், ஆண்களில் 26 சதவீதம். வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்ணிடம் ‘பாக்கெட் வேண்டாம், கீரை செய்’ என்று சொல்வது ஆரோக்கிய அறிவுரை ஆகாது. அவள் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுவதுதான் அது. பிரேசில் அரசு 2014-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. புதிய உணவைச் சமைத்துச் சாப்பிடச் சொல்லும் அதே நூல், சமையல் பொறுப்பை வீட்டில் எல்லோரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது.

முருங்கைக்கீரைக்குப் பாட்டிமார் கண்ட வழி ஒன்று உண்டு. கொத்தை இரவே செய்தித்தாளில் சுற்றி வைத்துவிட்டால், காலையில் உதறியதுமே பாதி இலை தானாக உதிரும். மீதியை உருவப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்துக்கு வீட்டு ஆண்கள் முறத்தைக் கையில் வாங்கிக்கொள்ளட்டும். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்ளட்டும்.