பேய் நடந்த வீடு அல்ல, காவல்காரர் நடந்த வீடு

போன மே மாதம் பேரப்பிள்ளைகளுக்காகக் கொடைக்கானலில் இரண்டு நாள் தங்கினோம். தபால் துறையில் காலம் தள்ளியவன் நான். அதில் பதினோரு வருஷம் அந்த மலையில்தான் வேலை. ஆனால் அங்கே காசு கொடுத்துத் தங்கியது இதுவே முதல் தடவை. 'பாரம்பரிய காட்டேஜ்' என்று இணையத்தில் பார்த்து மகன் பதிவு செய்திருந்தான். போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, 1974 முதல் எத்தனையோ தடவை நான் தபால் கொண்டுபோன வீடு அது.

அந்தக் காலத்தில் கொடைக்கானல் பங்களாக்களுக்குப் பெயர்தான் முகவரி. கதவு எண்ணை யாரும் எழுதமாட்டார்கள். பெயரைப் பார்த்தாலே எந்த மேடு, எந்தச் சரிவு என்று கால் தானாகப் போகும். இப்போது அந்தப் பெயர் பளபளக்கும் பித்தளையில் இருக்கிறது. உள்ளே வரவேற்பறையில் சட்டம் போட்ட ஒரு பலகை. அதில் இருந்த கதை இது: 1800-களில் ஒரு பிரிட்டிஷ் அதிகாரி தன் இளம் மனைவிக்காக இந்த வீட்டைக் கட்டினாராம். அவர் திரும்பி வராத ஏக்கத்தில் அந்த அம்மாள் இறந்துபோனாளாம். பௌர்ணமி இரவுகளில் வராந்தாவில் அவள் காலடி ஓசை இன்றும் கேட்கிறதாம்.

பேத்தி அன்று ராத்திரி தூங்கவில்லை. "தாத்தா, சத்தம் கேக்குதா?" என்று என் கையைப் பிடித்தபடியே கிடந்தாள். காலையில் மேலாளரிடம் கேட்டேன். நல்ல பிள்ளை, முப்பது வயசு இருக்கும். "தம்பி, இந்தக் கதை எங்கே கிடைத்தது?" என்றேன். சிரித்தார். "கெஸ்ட்டுக்கு இது ரொம்பப் பிடிக்குது சார். ஸ்டோரி இல்லேன்னா இது வெறும் பழைய வீடுதானே?"

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த 'பிரிட்டிஷ்' விஷயம். 1834-ல் மதுரை ஜில்லா அதிகாரிகள் செண்பகனூர்ப் பக்கம் ஒரு சிறு பங்களா கட்டியதுண்டு. ஆனால் கொடைக்கானல் என்ற ஊருக்கு அடித்தளம் போட்ட முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டியவர்கள் பிரிட்டிஷ்காரர்கள் அல்ல. மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள். வருஷம் 1845. வீடுகளின் பெயர் சன்னிசைடு, ஷெல்டன்.

அவர்கள் ஏன் மலையேறினார்கள்? உல்லாசத்துக்காகவா? மதுரைக்கு வந்த முதல் பத்து வருஷத்துக்குள் காலராவும் காய்ச்சலும் அவர்களில் பலரைக் கொண்டுபோய்விட்டன. பக்கத்திலேயே இருக்கிறதென்று சிறுமலையில் முயன்றார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. அதற்குப் பிறகுதான் கொடைக்கானல். சாவுக்குப் பயந்து ஓடி வந்தவர்கள் கட்டிய வீட்டிலிருந்து தொடங்கிய ஊர் இது. இந்தத் துக்கம் நிஜமான துக்கம். இதை விட்டுவிட்டு, இல்லாத ஓர் அம்மாளைச் சாகடித்துப் பேயாக்கி வராந்தாவில் நடக்கவிட வேண்டிய அவசியம் என்ன?

அடுத்தது, அந்தப் பலகையில் இல்லாத மனிதர்கள்.

இன்று வத்தலக்குண்டு வழியாகக் காரில் இரண்டு மூன்று மணி நேரத்தில் போய்விடுகிறோம். மோட்டார் போகும் மலைச்சாலை வந்தது 1910-களில்தான். அதற்கு முன்பு? 1875-ல் ரயில் வந்த பிறகும், அம்மையநாயக்கனூரில், அதாவது இன்றைய கொடைரோட்டில் இறங்கி, மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம நாயக்கன் தோப்புக்கு வர வேண்டும். அங்கிருந்து ஒற்றையடிப் பாதை. 5,000 அடிக்கு மேல் ஏற்றம். துரையும் துரைசானியும் குழந்தைகளும் டோலியில் உட்கார்ந்தார்கள். டோலி தானாக ஏறவில்லை. நம் ஆட்களின் தோளில் ஏறியது. படுக்கை, பாத்திரம், கண்ணாடிச் சன்னல், அரிசி மூட்டை எல்லாம் யாரோ ஒருவர் தலையிலோ முதுகிலோ ஏறி வந்தவைதான். எழுபது வருஷம் இந்த ஊர் தோளிலும் தலையிலும் சுமந்து கட்டப்பட்ட ஊர். எந்தக் காட்டேஜ் பலகையில் இதைப் படித்திருக்கிறீர்கள்?

நான் தபால் கொண்டுபோன காலத்தில் அந்த வீட்டில் ஒரு வயதான காவல்காரர் இருந்தார். சொந்தக்காரர்கள் ஏப்ரல், மே சீசனுக்கு வருவார்கள். மற்ற மாதமெல்லாம் வீடு பூட்டியிருக்கும். அவரும் அவர் சம்சாரமும் பின்கட்டில் ஒற்றை அறையில். பதிவுத் தபால் வந்தால் கட்டைவிரல் ரேகை வைத்து வாங்கி, வேட்டியில் துடைத்துப் பெட்டிக்குள் பத்திரப்படுத்துவார். ஜூலை மழையில் நனைந்து போனால், "உக்காருங்க தம்பி, காப்பித் தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்பார்.

அவருடைய அப்பா டோலி தூக்கியவர். அவர் தோளில் இருந்த காய்ப்பு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்குமாம். சின்ன வயதில் அதைத் தொட்டுத் தொட்டு விளையாடுவாராம். அந்த வீட்டுச் சமையலறையில் இருந்த இரும்பு அடுப்பை எட்டுப் பேர் சேர்ந்து மூன்று நாளில் மேலே கொண்டுவந்ததாக அப்பா சொன்னாராம். அடுப்பு இன்றும் இருக்கிறது. அதன்மேல் பூச்சாடி வைத்திருக்கிறார்கள்.

அந்தக் காவல்காரர் ஓட்டுக்கு நடுவே ஒழுகும் இடம் ஒவ்வொன்றையும் மனப்பாடமாக வைத்திருந்தார். ராத்திரி இரண்டு தடவை அரிக்கேன் விளக்கோடு வீட்டைச் சுற்றுவார். நிலா வெளிச்சம் இருந்தால் மட்டும் விளக்கு வேண்டாம், மண்ணெண்ணெய் மிச்சம் என்பார். ஆகவே பௌர்ணமி இரவில் அந்த வராந்தாவில் காலடி ஓசை கேட்டது உண்மைதான். அது பேயின் காலடி அல்ல. அவருடைய காலடி.

அவர் இருந்த பின்கட்டு அறை இப்போது இல்லை. அந்த இடத்தில் விருந்தினர்கள் நெருப்பு மூட்டி உட்கார வட்டமாக மேடை கட்டியிருக்கிறார்கள். வீடு கைமாறியபோது அவர் பிள்ளைகள் மூட்டை கட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டதாகக் கேள்வி.

"கதைதானே சார், யாருக்கு என்ன நஷ்டம்?" என்று சிலர் கேட்கலாம். நஷ்டம் இருக்கிறது. ஒருவருடைய உழைப்பை அழித்த இடத்தில்தான் இந்தக் கதை உட்கார்ந்திருக்கிறது. என் பேத்தி அந்தப் பலகையைப் படித்துவிட்டு என்ன நினைப்பாள்? இந்த மலையில் வாழ்ந்தவர்கள், காதலித்தவர்கள், செத்தவர்கள் எல்லாம் வெள்ளைக்காரர்கள். நம் ஆட்கள் அன்றைக்கு எங்கேயோ இருந்தார்கள் என்றுதானே? பேய்க்குக் கூட நம் ஊர்ப் பேர் இல்லை, பாருங்கள்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய வீட்டைக் காப்பாற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. கல் சுவரும் மரத்தளமும் வருஷா வருஷம் பணத்தை விழுங்கும். இடித்துவிட்டு நாலு மாடி லாட்ஜ் கட்டுபவர்களைவிட, இருப்பதை வைத்துக் காட்டேஜ் நடத்துபவர்கள் ஆயிரம் மடங்கு மேல். வாடகை வாங்குவதிலும் தப்பில்லை. ஆனால் வீட்டை வாங்கும்போது முப்பது வருஷ வில்லங்கம் போட்டுப் பார்த்தவர்கள், கதைக்கு ஒரு வருஷ வில்லங்கமாவது பார்த்திருக்கலாமே? பழைய பத்திரத்தைப் புரட்டினால் யார் கட்டியது, யார் விற்றது என்று தெரிந்துவிடும். அக்கம்பக்கத்தில் எழுபது வயதுக்காரர் ஒருவரைக் கேட்டால் மிச்சம் தெரியும். பலகையில் மூன்று வரி போதும்: கட்டியவர் யார், கல்லும் மரமும் எப்படி மேலே வந்தன, பூட்டிக் கிடந்த மாதங்களில் காத்தவர் யார். வருகிறவர்கள் இதையும் விரும்பிப் படிப்பார்கள். நானே அந்த இரும்பு அடுப்பின் கதையைக் காலைச் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது பக்கத்து மேசைக்காரர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்கள்.

தப்பு நம்மிடமும் இருக்கிறது. பதினோரு வருஷம் அவர் கையால் காப்பி குடித்தவன் நான். ஒரு நாளாவது ஒரு நோட்டில் அவர் சொன்னதை எழுதி வைத்தேனா? அவருடைய அப்பா பெயரைக்கூடக் கேட்கவில்லை. நாம் எழுதாமல் விட்ட இடத்தில்தான் பேய் வந்து குடியேறுகிறது.

ஆகவே பெரியகுளம், வத்தலக்குண்டு, செண்பகனூர்ப் பக்கத்து நண்பர்களே, உங்கள் வீட்டில் யாராவது அந்த மலையில் டோலி தூக்கினார்களா, சமைத்தார்களா, குழந்தை வளர்த்தார்களா, தோட்டம் போட்டார்களா? நினைவிருப்பதை எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் பேரனை உட்காரவைத்துச் சொல்லுங்கள். காவல்காரர் பெயரை நான் இங்கே போடவில்லை. அவர் பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் சம்மதித்தால் அடுத்த பதிவில் போடுகிறேன்.

கிளம்பும்போது வருகைப் பதிவேட்டை நீட்டினார்கள். 'அறை சுத்தம், சாப்பாடு நன்று' என்று எழுதினேன். கீழே அந்தக் காலடி யாருடையது என்பதையும் நாலு வரி எழுதினேன். மேலாளர் தம்பி படித்துவிட்டு, "நிஜமாவா சார்?" என்றார். "பின்னே? அவர் கையால நான் காப்பி குடிச்சிருக்கேன் தம்பி" என்றேன். இறங்கும்போது காரில் பேத்தி கேட்டாள்: "அப்போ அந்தத் தாத்தாவுக்கு ராத்திரி குளிராதா?"

பலகை கேட்காத கேள்வியை அவள் கேட்டுவிட்டாள்.